நாலாம் நம்பரின் இடது கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. போகப் போக நான் கத்துகிற இடங்கள் நிறைய வரும். அப்போது "இந்த ஆள் ஏன் இப்படிக் குதிக்கிறான்" என்று நீங்கள் கேட்கக் கூடாது பாருங்கள், அதற்காகச் சொல்கிறேன்.

எங்களுடையது கயிறு தொழிற்சாலை. துணி காயப்போடும் கொடியிலிருந்து படகைக் கட்டும் வடம் வரை எல்லாமே நைலானில் செய்வோம். ஷெட்டில் வரிசையாகப் பன்னிரண்டு மெஷின்கள். முறுக்கி முடிந்த கயிற்றை டிரம்மில் சுற்றுவதுதான் எங்கள் வேலை. அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயரெல்லாம் கேட்டோடு சரி. உள்ளே வந்துவிட்டால் மெஷின் நம்பர்தான் பெயர். நான் பதினெட்டு வருஷமாக நாலாம் நம்பர். என் பெண்டாட்டியின் தம்பி, அதாவது என் மச்சான், அஞ்சாம் நம்பர். சொந்தமாக மெஷின் இல்லாமல், யாராவது லீவு போட்டால் அந்த இடத்தில் போய் நிற்கிறவர் ஒருவர் உண்டு. இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், தங்கமான மனுஷன். இருந்தாலும் அவருக்கு ஸ்பேர் என்றுதான் பெயர்.

டிரம் சுற்றும்போது கயிறு ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அதைக் கையால் தட்டி ஒதுக்க வேண்டும். தட்டுகிற கைதான் மாட்டும். மணிக்கட்டில் ஒரு சுருக்கு விழுந்தால் போதும், அப்புறம் கயிறு நம்மிடம் யோசனை கேட்காது. அதனால் எங்களுக்கு மோதிரம் கிடையாது, வாட்ச் கிடையாது, தொங்குகிற சட்டைக் கை கிடையாது. கையுறை போட்டுக்கொண்டு வந்தால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். முட்டி உயரத்தில் ஒரு சிவப்புக் கம்பி ஓடும். காலால் இடித்தாலே மெஷின் நின்றுவிடும். ஆனால் முழு டிரம் நானூறு கிலோ. நிறுத்திய பிறகும் இரண்டு சுற்று சுற்றிவிட்டுத்தான் அது ஓயும். ஒரு மனுஷன் கையைக் கொண்டுபோக இரண்டு சுற்று தாராளம்.

அந்த இரண்டு சுற்றுக்காகத்தான் எங்களிடம் கொக்கிக் கத்தி இருக்கிறது. மஞ்சள் பிடி, முனையில் ஒரு வளைவு, வளைவுக்குள்ளே பிளேடு. கயிறு நுழையும், விரல் நுழையாது. மாட்டின கயிற்றில் கொக்கியைப் போட்டு ஒரே இழு, அவ்வளவுதான். எல்லோருடைய மேலங்கியிலும் வலது மார்புப் பக்கம், தோள் எலும்புக்குக் கொஞ்சம் கீழே, அதற்கென்று ஒரு உறை தைத்திருக்கும். பார்சல் பிரிக்கவோ பழம் நறுக்கவோ அந்தக் கத்தியைத் தொட்டோம் என்றால் தொலைந்தோம்.

திங்கட்கிழமை காலையில் மெஷின் ஓடுவதற்கு முன்னால் கத்திப் பரிசோதனை நடக்கும். வலது கையை மெஷினுக்கு முன்னால் இடுப்பு உயரத்தில் ஓடும் கைப்பிடிக் கம்பியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டுவார்கள். இடது கையால் கத்தியை உருவி அறுக்க வேண்டும். பிறகு இடது கையைக் கட்டுவார்கள், வலது கையால் அறுக்க வேண்டும். மூன்று எண்ணுவதற்குள் முடிக்காவிட்டால் அந்த வாரம் பேக்கிங். அடுத்த திங்கட்கிழமையும் முடியாவிட்டால் மெஷின் நிரந்தரமாக வேறு ஆளுக்குப் போய்விடும்.

சட்டம் இப்படி. நடந்தது வேறு. முன்பிருந்த பரிசோதகர் கையில் டீ கிளாஸோடு வருவார். "கத்தி இருக்கா? இருக்கு. சரி, போ" என்பார். கயிறு வீணாகிறதே என்று ஒரு கையைத்தான் கட்டுவார், அதுவும் எப்போதும் இடது கையை. புண்ணியவான். போன மாதம் அவர் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? என் பெண்டாட்டி.

அதுவரை அவள் டெஸ்டிங் ரூமில் இருந்தாள். கயிறு அறுந்துபோகும் வரை இழுத்துப் பார்த்து, எத்தனை கிலோவில் அறுந்தது என்று நோட்டில் எழுதுகிற வேலை. என்னோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தினவளுக்கு அது ஒன்றும் கஷ்டமான வேலையில்லை.

இப்போது என் இடது தோளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருநாள் பரண் மேலிருந்து பெட்டியை இறக்கினேன். அன்றிலிருந்து தோள் இறுகிப்போய்விட்டது. கை தொப்புள் வரைக்கும் வரும். அதற்கு மேல் தூக்கினாலோ குறுக்கே கொண்டுபோனாலோ உயிர் போகும். காலையில் சட்டையை மாட்டிவிடுவதும் பட்டன் போட்டுவிடுவதும் பெண்டாட்டிதான். தொழிற்சாலையில் அவளைத் தவிர ஒரு குஞ்சுக்கும் தெரியாது. வேலையெல்லாம் வலது கையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தேன். "சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடுங்க" என்று அவள் மூன்று தடவை சொன்னாள். முதல் இரண்டு தடவை முறைத்தேன். மூன்றாவது தடவை, "தோள் என்னோடது, உனக்கு எதுக்கு வலிக்குது?" என்று கத்தினேன். அதோடு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். மடையன்.

அவளே பரிசோதகர் என்று தெரிந்ததும் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. வீட்டுக்காரி அல்லவா, கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவாள். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை ஒற்றைக் கையால் பாத்திரம் கழுவினேன், வீடு பெருக்கினேன், வெங்காயம் உரித்தேன்.

"என்ன இது, மழை கிழை வந்துடப்போகுது" என்றாள்.

"நாளைக்கு உனக்கு முதல் செக்கிங். ரொம்பக் கெடுபிடி பண்ணாதே. ஜனங்க பாவம்" என்றேன்.

"பாவம்தான்" என்றாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை எல்லோரும் வரிசையில் நின்றோம். அவள் கையில் ஒரு பட்டியல், தோளில் கயிற்றுச் சுருள். ஒன்று, இரண்டு, மூன்று, எல்லோருக்கும் இரண்டு கையையும் கட்டினாள். டீ கிளாஸ் கிடையாது, சிரிப்பும் கிடையாது.

"நாலாம் நம்பர். வலது கையை நீட்டுங்க."

"இடது கையைக் கட்டேன்" என்றேன் மெதுவாக.

"அதையும் கட்டுவேன். முதல்ல வலது."

கட்டினாள். "எடுங்க. ஒண்ணு..."

இடது கையைத் தூக்கினேன். தொப்புளில் வந்து நின்றது. முழங்கையை முட்டுக் கொடுத்துப் பார்த்தேன். குனிந்தால் கத்தி தானாக நழுவிக் கையில் விழும் என்று குனிந்து பார்த்தேன். விழவில்லை. "ரெண்டு" என்றாள். தலையைத் திருப்பி, தாடையை மார்பில் அழுத்தி, பல்லால் பிடியைக் கவ்வினேன். கவ்வியும்விட்டேன்! கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்கு வாய்க்கு எட்டினது கைக்கு எட்டவில்லை. கத்தியைக் கவ்விக்கொண்டு நான் நின்ற கோலத்தைப் பார்த்து ஷெட் முழுக்கச் சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது என் மச்சான்தான்.

"மூணு. பேக்கிங்" என்றாள் என் பெண்டாட்டி, பட்டியலில் எழுதிக்கொண்டே.

வாயிலிருந்த கத்தியைத் துப்பிவிட்டு, "ஏய், யார்கிட்ட பேசிட்டு இருக்கே தெரியுமா?" என்று கத்தினேன்.

"தெரியும். நாலாம் நம்பர்கிட்ட. இந்த வாரம் பேக்கிங். அடுத்தது, அஞ்சு வாங்க."

"உறை ரொம்ப இறுக்கமா தைச்சிருக்கான்" என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டே நடந்தேன். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாது இல்லையா?

பேக்கிங் என்றால் அட்டைப் பெட்டியை மடித்து, டேப் ஒட்டி, சீல் வைக்கிற வேலை. உட்கார்ந்தே செய்யலாம். கெட்ட வேலை ஒன்றுமில்லை. ஆனால் அந்த மேஜையிலிருந்து பார்த்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மெஷின் தெரியும். அதன் முன்னால் ஸ்பேர் நிற்பதும் தெரியும். துணியால் துடைக்கிறார், எண்ணெய் போடுகிறார், பாட்டு வேறு பாடுகிறார். செவ்வாய்க்கிழமை பொறுக்க முடியாமல் போய்க் கேட்டேன்.

"எப்படி ஓடுது?"

"தங்கமா ஓடுதுண்ணே."

"இடப்பக்கம் ஒரு சத்தம் வருமே?"

"வந்துச்சு. ஒரு நட்டு லூசா இருந்துச்சு, முடுக்கினேன். இப்ப வரல."

பதினெட்டு வருஷமாக அந்தச் சத்தத்தோடு குடும்பம் நடத்தினவன் நான். நல்லது செய்த மனுஷனைத் திட்டவும் முடியவில்லை. புதன்கிழமை மத்தியானம் யாரோ "நாலாம் நம்பர்!" என்று கூப்பிட்டார்கள். நானும் திரும்பினேன், ஸ்பேரும் திரும்பினார். கூப்பிட்டவருக்கு வேண்டியது ஸ்பேர்தான். வருகிற திங்கட்கிழமையும் தோற்றால் இப்படியேதான் மிச்ச காலம் முழுக்க. வேறு எதைப் பிடுங்கினாலும் தாங்கிக்கொள்வேன், அந்த மெஷினைப் பிடுங்கினால் தாங்க மாட்டேன்.

வீட்டில் பேச்சுவார்த்தை அடியோடு நின்றுபோனது. அடுத்த தெருவிலிருந்து சாயங்காலம் மச்சான் வந்தால் அவன்தான் எங்களுக்குத் தபால்காரன்.

"உங்க அக்காகிட்ட சொல்லு, டீயில சக்கரை இல்லேன்னு."

"அக்கா, டீயில சக்கரை இல்லையாம்."

"சக்கரை அவரே போட்டுக்கிட்டாருன்னு சொல்லு."

"மாமா, நீங்களேதான்..."

"எனக்குக் காது இருக்குடா!"

ஆனால் ஒன்று. காலையில் சட்டை மாட்டிவிடுவது மட்டும் நிற்கவில்லை. ஒரு சாண் தூரத்தில் முகத்துக்கு முகம் நிற்போம். அவள் பட்டனைப் பார்ப்பாள், நான் காலண்டரைப் பார்ப்பேன். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். கை மட்டும் பூ மாதிரி என் தோளைத் தூக்கி, சட்டைக் கைக்குள் நுழைத்துவிடும். சண்டை வாயோடு சரி. பட்டன் வேறு இலாகா.

வியாழக்கிழமை டாக்டரிடம் போனேன். தோளை அப்படி இப்படித் திருப்பிப் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்களாம்.

"தினமும் சுவர்ல விரலை வெச்சு மேலே மேலே நடத்துங்க. சரியாயிடும்" என்றார்.

"எப்ப சரியாகும்? எனக்குத் திங்கட்கிழமை வேணும்."

"எந்த மாசத்துத் திங்கட்கிழமை?" என்றார். "ஆறு மாசமாவது ஆகும்ங்க."

தோள் ஏறி வராதென்றால் கத்தி இறங்கி வரட்டும் என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் மச்சானைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தேன். பெண்டாட்டி கடைக்குப் போயிருந்தாள். மச்சானிடம் தோளைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். திங்கட்கிழமை சிரித்தவன் இப்போது சிரிக்கவில்லை. "ஏன் மாமா சொல்லவே இல்ல?" என்று கேட்டுவிட்டு, கயிற்றை எடுத்து என் வலது கையை ஜன்னல் கம்பியில் கட்டினான்.

முதலில் கத்தியைத் தொப்பியில் செருகினோம். அது மச்சான் கால் கட்டைவிரலில் விழுந்தது. நல்ல வேளை, பிடிப்பக்கம். பிறகு சாக்ஸில் வைத்தோம். குனிந்து எடுத்தேன், ஆனால் நிமிர முடியவில்லை. முதுகுப் பக்கம் வைத்தால் இடது கை பின்னால் போக மாட்டேன் என்றது. இடுப்பில், முன்பக்கம் வைத்தோம். அழகாக வந்தது. "கண்டுபிடிச்சாச்சு!" என்று குதித்தேன்.

"இருங்க. மெஷின் சும்மா நிக்குமா? இழுக்கும்ல?" என்று சொல்லிக்கொண்டே மச்சான் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தான். நான் போய்ச் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டேன். கத்தி சுவருக்கும் என் தொப்பைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இம்மியும் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஜன்னலில் கட்டுண்டு கிடந்த என்னையும், கயிற்றோடு நின்ற என் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன, வீட்டுல கட்டிப் போட்டுட்டாங்களா?"

"பிராக்டிஸ்" என்றேன் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டே.

"கல்யாணமாகி இருபது வருஷம் கழிச்சுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சுவரோடு ஒட்டிக் கிடந்தபோதுதான் கவனித்தேன். என் இடது கை சும்மா பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. விரல் தொடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கத்தி அங்கே, தொடையின் வெளிப்பக்கத்தில் இருந்தால்? மச்சான் ஒரு பட்டையை வைத்து அங்கே கட்டினான். அவன் எவ்வளவு இழுத்தாலும் அந்தப் பக்கம் நசுங்கவில்லை. ஒன்று என்பதற்குள் கத்தி கையில் இருந்தது, இரண்டு என்பதற்குள் கயிறு அறுந்தது. மச்சான் இழுத்த வேகத்தில் வாசலில் போய் உட்கார்ந்தான்.

சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். இடது கையைக் கட்டி இழுத்துப் பார்த்தபோது வலது கை அந்தத் தொடைக்கு எட்டவில்லை. ஒரு பக்கம் மூடினால் இன்னொரு பக்கம் திறந்துகொள்கிறது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன், வலது கையைத்தான்.

"ஏன் மாமா, ரெண்டு கத்தி வெச்சுக்கக் கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?" என்றான் மச்சான், பின்பக்கத்து மண்ணைத் தட்டிக்கொண்டே.

மார்பில் ஒன்று வலது கைக்கு, தொடையில் ஒன்று இடது கைக்கு. அட, இவ்வளவுதானே! இந்த யோசனை என்னுடையது என்றுதான் பிறகு எல்லோரிடமும் சொன்னேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு கத்திக்கும் நம்பர் உண்டு. இரண்டாவது கத்தி வேண்டுமென்றால் பரிசோதகருக்கு மனு எழுத வேண்டும். காரணத்தை எழுதி, சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதாவது, இரண்டு மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்த தோளை என் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். அதுவும் யாருக்கு? என் பெண்டாட்டிக்கு.

"மதிப்பிற்குரிய கத்திப் பரிசோதகர் அவர்களுக்கு" என்று அன்று ராத்திரி ஆரம்பித்தேன். மதிப்பிற்குரிய பரிசோதகர் எதிரே உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் காகிதத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன். "எனது இடது தோள்" என்பது வரை பேனா ஓடியது. அதற்கு மேல் நகரவில்லை. எழுதிவிட்டால் முடியாதவன் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். எழுதாவிட்டால் மெஷின் போய்விடும். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மூச்சில் எழுதி, மடித்துப் பையில் வைத்தேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெங்காயத்தின் புண்ணியத்தில் கண் மட்டும் ஈரமாக இருந்தது.

சனிக்கிழமை காலை சூப்பர்வைசரிடம் நீட்டினேன். படித்தார்.

"தோளா? எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா சார்."

"ரெண்டு மாசமா ஒத்தைக் கையோட டிரம் முன்னாடி நின்னீங்களா? வலது கை மாட்டியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? மறுபடியும் பல்லால கடிச்சிருப்பீங்களா?"

நான் பதிலுக்குக் கத்த வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மனுவை மேஜையில் வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஓஹோ. அந்த ஆள் நீங்கதானா?"

"எந்த ஆள்?"

"கத்தி செக் பண்ற வேலைக்கு ஒருத்தரும் வரலீங்க. எப்படி வருவாங்க? எல்லார்கிட்டயும் ஏச்சு வாங்குற வேலை. உங்க வீட்டம்மா மட்டும்தான் தானா வந்து கேட்டாங்க. 'டெஸ்டிங் ரூம்ல நிம்மதியா உக்காந்திருக்கறதை விட்டுட்டு ஏம்மா இந்த வம்பு'ன்னு கேட்டேன். 'ஒரே ஒரு ஆளை நிறுத்தணும் சார். சொன்னா கேக்கற ஆள் இல்ல. சட்டம் போட்டு நிறுத்தினாத்தான் நிப்பாரு. அதுக்காக பன்னெண்டு பேரையும் கட்டணும்னா கட்டிட்டுப் போறேன்'னாங்க. யாருன்னு எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். 'என் வாயால சொல்ல மாட்டேன். அவரே வந்து சொல்வாரு'ன்னுட்டாங்க."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். என் ஆயுசிலேயே நான் வாயைத் திறந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடினது அன்றைக்குத்தான்.

பேக்கிங் அறைக்குப் பின்னால் ஒரு அட்டைக் கட்டின் மேல் போய் உட்கார்ந்தேன். எந்தக் கயிறு எத்தனை கிலோ இழுத்தால் அறும் என்று ஷெட்டில் யாரைவிடவும் அவளுக்குத்தான் தெரியும். என் மெஷினில் ஓடுகிற கயிறு எழுநூறு கிலோ வரை அறாது. காலையில் என் பட்டனைப் போட்டுவிட்டு, அவள் பாட்டுக்கு வந்து உட்கார்ந்து, அந்த எழுநூறை நோட்டில் எழுதியிருக்கிறாள். சாயங்காலம் நான் இரண்டு கையோடும் வீடு திரும்பியதைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் மறுபடியும். நான் "உனக்கு எதுக்கு வலிக்குது" என்று கத்தினேனே! எனக்கு அழுகை வந்துவிட்டது. யாராவது பார்த்தால் அட்டைத் தூசி என்று சொல்லலாம் என்று நினைத்தேன். யாரும் வரவில்லை, அதனால் தாராளமாக அழுதேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு அவள் மேஜைக்குப் போனேன். மனுவை வைத்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"ரெண்டு மாசமான்னு போட்டிருக்கீங்க" என்றாள். "ரெண்டு மாசம் பதினொரு நாள்." அடித்துத் திருத்தினாள். கையெழுத்துப் போட்டாள். இழுப்பறையைத் திறந்து ஒரு புதுக் கத்தியை எடுத்து வைத்தாள். அதில் நம்பர் ஏற்கெனவே பொறித்திருந்தது. என்றைக்கோ பொறித்து வைத்திருக்கிறாள்.

என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வந்தவன், "நேத்து டீ நல்லா இருந்துச்சு" என்றேன்.

"இப்பதான் தம்பி வாய் வழியா வராம நேரா வருது" என்றாள்.

திங்கட்கிழமை வந்தது. வரிசையில் நின்றேன். மார்பில் ஒரு கத்தி, தொடையில் ஒரு கத்தி. ஸ்பேர் ஓரமாக நின்றார். நான் தோற்றால் அவருக்கு ஒரு மெஷின். இருந்தாலும், "அண்ணே, பதட்டப்படாதீங்க" என்று அவர்தான் எனக்குத் தைரியம் சொன்னார்.

"நாலாம் நம்பர். வலது கை."

கட்டினாள். போன வாரத்தைவிட இறுக்கமாகக் கட்டினாள். "எடுங்க. ஒண்ணு, ரெண்டு" என்று யாருக்கும் எண்ணாத வேகத்தில் எண்ணினாள். இரண்டில் கயிறு கீழே விழுந்தது. ஷெட்டில் கைதட்டல். இடது கையைக் கட்டினாள். அதுவும் இரண்டில் விழுந்தது.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"இன்னொரு தடவை."

கட்டினாள், அறுத்தேன். "இன்னொரு தடவை" என்றாள். இந்தத் தடவை சொல்லாமல் கொள்ளாமல் கயிற்றைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். நான் கம்பியில் போய் மோதினேன். மோதிக்கொண்டே அறுத்தேன்.

"அக்கா, எங்களுக்கெல்லாம் ஒரு தடவைதானே? மெஷின் ஓட்ட வேண்டாமா?" என்றான் மச்சான். பின்னாலிருந்து நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். யாரோ ஒருவர், "இது வீட்டுச் சண்டைப்பா, நாம தலையிட வேண்டாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

பழைய நானாக இருந்தால் இந்த இடத்தில் கூரை பறந்திருக்கும். கோபம் வரத்தான் வந்தது, கழுத்து வரை வந்தது. அப்போதுதான் அறுந்த கயிற்றைச் சுருட்டுகிற அவள் விரல்களைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டிருந்தன. இரண்டு மாதம் பதினொரு நாள் அடக்கி வைத்த நடுக்கம். அவள் அங்கே பரிசோதகராக நிற்கவில்லை. நான் உண்மையிலேயே தப்பித்துவிடுவேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை பார்த்தால் அந்தப் பயம் போய்விடுமா?

இன்னொரு தடவை கட்ட அவளுக்கே கூச்சமாகிவிட்டது. பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தாள். பட்டியலைப் பார்த்தாள். பேனாவை எடுத்தாள்.

நான் வலது கையை மறுபடியும் நீட்டினேன்.

"கட்டு" என்றேன். "அவங்க கிடக்காங்க. உனக்குப் போதும்னு தோணுற வரைக்கும் கட்டு. நான் அறுத்துக்கிட்டே இருக்கேன்."

அவள் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, தோளிலிருந்த சுருளைப் பிரித்து, என் மணிக்கட்டில் கயிற்றைச் சுற்றினாள்.